சோலார் பம்ப், சாண எரிவாயு, வைக்கோல்: அரசுப் பணம் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது

விவசாய நிலத்திலிருந்து மின்சாரமும் எரிவாயுவும் எரிபொருளும் எடுப்பதற்காக ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் கடந்த சில ஆண்டுகளில் அறிவித்த திட்டங்களின் பெயர்களை மட்டும் எழுதினாலே அரைப்பக்கம் நிரம்பிவிடும். பி.எம். குசும், கோபர்தன், சதத், தேசிய உயிரி எரிசக்தித் திட்டம், பி.எம். ஜீவன், பயோ ஈ3 என்று அந்த வரிசை நீள்கிறது. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு சாண எரிவாயுக் கலன் இருக்கிறது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு மானிய விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதும் எனக்கு வழக்கமாகிவிட்டது. அந்த வகையில் இத்திட்டங்களின் விதிமுறைகளை வரிவரியாகப் படிக்க வேண்டிய தேவை அடிக்கடி வருகிறது. படித்ததிலும் பார்த்ததிலும் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. பெரும்பாலான திட்டங்கள் விவசாயியை ஒரு கருவியை வாங்குபவராக மட்டுமே பார்க்கின்றன. அந்தக் கருவியால் விளையும் மின்சாரத்தையும் வாயுவையும் எருவையும் விற்கக்கூடியவராக அவரைப் பார்த்த இடங்கள் மிகக் குறைவு. அப்படிப் பார்த்த இடங்களில்தான் திட்டம் நிலைத்திருக்கிறது.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த சோலார் பம்ப்செட்டை எடுத்துக்கொள்வோம். பி.எம். குசும் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2019 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது. அதில் மூன்று பிரிவுகள் உள்ளன. தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சிறு மின் நிலையங்களை அமைப்பது ஏ பிரிவு. மின் இணைப்பு இல்லாத கிணற்றுக்குத் தனித்து இயங்கும் சோலார் பம்ப்செட் கொடுப்பது பி பிரிவு. ஏற்கெனவே மின் இணைப்பு உள்ள பம்ப்செட்டைச் சூரிய சக்திக்கு மாற்றி, மிஞ்சும் மின்சாரத்தை மின் வாரியத்துக்கு விற்க வழி செய்வது சி பிரிவு. மூன்றுக்கும் சேர்த்து ஒன்றிய அரசு ஒதுக்கிய நிதி 34,422 கோடி ரூபாய். எட்ட நினைத்த இலக்கு 34,800 மெகாவாட்.

நம் ஊர்களில் பரவலாக வந்திருப்பது பி பிரிவுதான். விலையில் ஒன்றிய அரசு 30 சதவீதத்தைத் தருகிறது, மாநில அரசு குறைந்தது 30 சதவீதத்தைத் தர வேண்டும், மீதி விவசாயியின் பங்கு. வடகிழக்கு மாநிலங்களுக்கும் மலை மாநிலங்களுக்கும் ஒன்றிய அரசின் பங்கு 50 சதவீதம். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இதை நடத்துகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிரிவைச் சேர்ந்த சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியமும் உண்டு. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்து, நில ஆய்வு முடிந்து, பங்குத்தொகையைக் கட்டிய பிறகு நிறுவனத்தார் வந்து பேனல்களை நிறுத்திவிட்டுப் போவார்கள். மூன்று லட்ச ரூபாயை ஒட்டி வரும் ஒரு பம்ப்செட்டுக்கு விவசாயி ஒன்றேகால் லட்சம் வரை புரட்டியாக வேண்டும் என்றாலும், டீசல் எஞ்சினுக்குக் கொட்டியழுத பணத்தை நினைத்தால் அது பெரிய தொகையாகத் தெரிவதில்லை. டீசல் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மேட்டாங்காட்டுக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு இது கொடுத்த நிம்மதியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த அளவில் இந்தத் திட்டத்தை மனமாரப் பாராட்டவே செய்வேன்.

ஆனால் எல்லாரும் மானியத்தின் சதவீதத்தோடு கேள்வியை நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் பகுதியில் மோட்டார் பழுது பார்க்கும் ஒருவர் சொன்னது என் மனத்தில் தங்கிவிட்டது: "எத்தனை பர்சென்ட் மானியம்னு எல்லாரும் கேக்கறாங்க. கன்ட்ரோலர் போயிருச்சுன்னா யாரு வருவாங்கன்னு ஒருத்தருங்கூடக் கேக்கறதில்லீங்க." விதிப்படி ஐந்தாண்டுப் பராமரிப்பு, பம்ப்செட்டை நிறுவிய நிறுவனத்தின் பொறுப்பு. பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இடி விழுந்த மழைக்குப் பின், பேனல் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கன்ட்ரோலர் எரிந்துபோனபோது, நிறுவிய நிறுவனத்தின் சேவை எண் மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர எடுப்பார் இல்லை. பயிரைக் காப்பாற்ற அவர் மறுபடியும் டீசல் எஞ்சினை வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. பொருளை நிறுவி, புகைப்படம் எடுத்துப் பதிவேற்றி, மானியம் விடுவிக்கப்பட்டவுடன் திட்டத்தின் கணக்கில் அந்தப் பயனாளி முடிந்துபோன ஓர் எண்ணாகிவிடுகிறார். பம்ப் இன்று ஓடுகிறதா என்பதைக் கொண்டு யாருக்கும் பணம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து எச்.பி. பம்ப்செட்டுக்கு ஏறத்தாழ 5 கிலோவாட் பேனல் தேவை. நம் வெயிலுக்கு அது நாளொன்றுக்குச் சராசரியாக 20 யூனிட் கொடுக்கும். பாசனத்துக்கு மோட்டார் ஓடும் நாட்கள் ஆண்டில் 150 என்று வைத்துக்கொண்டால், மீதி 215 நாட்களில் விளையும் 4,300 யூனிட் மின்சாரம் யாருக்கும் பயன்படாமல் போகிறது. யூனிட்டுக்கு மூன்று ரூபாய் என்று குறைவாகப் பிடித்தாலும் அது ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். தீவனப்புல் வெட்டும் இயந்திரம், மாவு அரைக்கும் இயந்திரம் போன்றவற்றை அதே பேனலில் ஓட்டும் வகையில் பொதுக் கன்ட்ரோலரைப் பொருத்திக்கொள்ளத் திட்டத்தில் இடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. விற்க வழியில்லாத மின்சாரம் வேறொரு ஆபத்தையும் கொண்டுவருகிறது. பேனல் போட்டபின் தண்ணீர் இறைக்கச் செலவு எதுவும் இல்லை. நிறுத்துவதால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாத மோட்டாரை எவரும் சீக்கிரம் நிறுத்த மாட்டார். ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்ட பகுதிகளில் இது நிலத்தடி நீருக்கு நல்லதல்ல. நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்பட்ட பகுதிகளில் புதிய பம்ப்செட்டுக்கு அனுமதி இல்லை என்பதும், டீசல் எஞ்சினை மாற்றுவோர் நுண்ணீர்ப் பாசனம் செய்ய வேண்டும் என்பதும் விதியில் உள்ளன. ஆனால் தடையைவிட வருமானம்தான் மனிதரை நன்றாகக் கட்டுப்படுத்தும் என்பது என் எண்ணம்.

இதற்கு ஓர் அழகான சான்று குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள துண்டி என்ற சிற்றூர். அங்கே 2016-இல் ஆறு விவசாயிகள் சேர்ந்து சூரிய மின்சார உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனமும் டாட்டா அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வுத் திட்டம் அவர்களுக்குத் துணை நின்றது. தங்கள் பம்ப்செட்டுகளுக்கு வேண்டியது போக மிஞ்சும் மின்சாரத்தை யூனிட்டுக்கு 4.63 ரூபாய் விலையில் 25 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்வதாக மத்திய குஜராத் மின் பகிர்மான நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. அதன்மேல் ஆய்வுத் திட்டத்திலிருந்து பசுமை ஊக்கத்தொகையாக 1.25 ரூபாயும், நிலத்தடி நீரை மிச்சப்படுத்தியதற்காக 1.25 ரூபாயும் தரப்பட்டன. தண்ணீரை இறைத்துப் பாய்ச்சுவதற்கும் மின்சாரத்தை விற்பதற்கும் இடையே விவசாயி கணக்குப் பார்க்கத் தொடங்கிய முதல் இடம் அதுதான். மின்சாரத்தையும் ஒரு விளைபொருளாக நடத்த வேண்டும் என்று அந்தத் திட்டத்தின் பின்னணியில் இருந்த பொருளாதார அறிஞர் துஷார் ஷா நெடுங்காலமாக வலியுறுத்தி வந்தார். குஜராத் அரசு 2018-இல் இதையொட்டி சூர்யசக்தி கிசான் யோஜனாவைக் கொண்டுவந்தது. குசும் திட்டத்தின் சி பிரிவும் அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியே.

தமிழ்நாட்டில் சி பிரிவு ஏன் எளிதில் வேர்பிடிக்கவில்லை என்பதற்குக் காரணம் வெளிப்படையானது. 1990-ஆம் ஆண்டிலிருந்து இங்கே விவசாய பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன. இலவசமாகக் கிடைப்பதற்கு மாற்றாக ஒரு பேனலைத் தன் பணம் போட்டு வாங்க எந்த விவசாயி முன்வருவார்? இலவச மின்சாரத்தை எதிர்ப்பவன் அல்லன் நான். அது வந்ததால்தான் எங்கள் தாத்தா காலத்து ஏற்றமும் மாடு கட்டி இறைத்த கவலையும் ஒழிந்து, வானம் பார்த்த நிலத்தில் மஞ்சளும் வாழையும் வந்தன. ஆனால் அந்த இலவசத்துக்காக மாநில அரசு ஆண்டுதோறும் மின் பகிர்மானக் கழகத்துக்குப் பல்லாயிரம் கோடி ரூபாயைச் செலுத்துகிறது. அந்தப் பணத்தின் ஒரு பகுதியை, மிஞ்சும் மின்சாரத்தை விற்கும் விவசாயிக்கு நியாயமான விலையாகக் கொடுத்தால், பகலில் மும்முனை மின்சாரமும் கிடைக்கும், விவசாயியின் கைக்கு ஒரு வருமானமும் வரும். இலவசத்தைப் பறிக்காமலேயே இதைச் செய்ய முடியும் என்பதை அரசு எழுத்துமூலம் உறுதியளிக்க வேண்டும். "மீட்டர் வைக்க வருகிறார்கள்" என்ற அச்சம் எங்கள் ஊர்களில் எவ்வளவு ஆழமானது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1970-களில் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டங்களில் உயிர் கொடுத்த விவசாயிகளின் நினைவு கொங்கு நாட்டில் இன்னும் மங்கவில்லை.

ஏ பிரிவிலும் விவசாயி விற்பவராகிறார், ஆனால் அதற்குப் பெரிய முதல் தேவை. ராஜஸ்தானில் அப்போது ஜெய்ப்பூர் மாவட்டத்தில் இருந்த கோட்புத்லி வட்டத்தின் பாலோஜி என்ற ஊரில் 2021-இல் இப்பிரிவின் முதல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மூன்றரை ஏக்கரில் ஒரு மெகாவாட். ஆண்டுக்கு 17 லட்சம் யூனிட் எதிர்பார்ப்பு. விலை யூனிட்டுக்கு 3.14 ரூபாய். பெருக்கினால் ஆண்டுக்கு 53 லட்ச ரூபாய் வருகிறது. ஆனால் ஒரு மெகாவாட்டை நிறுவ மூன்றரைக் கோடி ரூபாய்க்குமேல் வேண்டும். ஐந்து ஏக்கர் விவசாயிக்கு எந்த வங்கி அதைக் கொடுக்கும்? 2024 ஆகஸ்டில் வேளாண் உள்கட்டமைப்பு நிதியத்தை ஏ பிரிவோடு இணைக்க அமைச்சரவை அனுமதித்தது நல்ல மாற்றம். அந்த நிதியத்தில் இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை ஏழாண்டுகளுக்குக் கிடைக்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இந்த வழியை முயன்று பார்க்கலாம். மகாராஷ்டிரம் வேறொரு பாதையைத் தேர்ந்தது. விவசாய மின்பாதைகளுக்கு அருகிலேயே சூரிய மின் நிலையங்களை நிறுவ நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, எக்டேருக்கு ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வாடகையும் ஆண்டுதோறும் 3 சதவீத உயர்வும் தருகிறது. புல்கூட முளைக்காத நிலத்துக்கு இது நல்ல வருமானம்தான். ஆனால் அங்கே விவசாயி நிலக்காரராகத்தான் இருக்கிறார், மின்சாரம் யாருடையதோ.

இனி, எனக்கு மிகவும் நெருக்கமான சாண எரிவாயுவுக்கு வருகிறேன். ஒன்றிய அரசு இதற்கான தேசியத் திட்டத்தை 1981-82-இலேயே தொடங்கியது. கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மிதக்கும் இரும்புத் தொட்டி மாதிரி முதலில் பரவியது. துருப்பிடிக்கும் தொட்டிக்கு மாற்றாக, 1984-இல் வந்த தீனபந்து என்ற நிலத்தடிச் செங்கல் மாதிரி செலவைக் குறைத்தது. நாடு முழுவதும் இதுவரை ஏறத்தாழ 50 லட்சம் குடும்பக் கலன்கள் கட்டப்பட்டுள்ளன. இன்றைக்கு அது 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தின் ஓர் உறுப்பு. ஒரு கன மீட்டர் முதல் 25 கன மீட்டர் வரையிலான கலன்களுக்கு, அளவையும் பகுதியையும் பயனாளியின் பிரிவையும் பொறுத்து 9,800 ரூபாய் முதல் 70,400 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. முதல் கட்டத்தின் மொத்த ஒதுக்கீடான 858 கோடியில் இந்தச் சிறு கலன்களுக்குப் போனது 100 கோடி. நாடு முழுவதற்கும், அதுவும் ஐந்தாண்டுகளுக்கு, நூறு கோடிதான்.

எங்கள் கலன் இரண்டு கன மீட்டர் தீனபந்து. அதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோ சாணம் வேண்டும், அதாவது நான்கைந்து மாடுகள். காலையில் தொழுவத்தைக் கூட்டும்போதே சாணத்தை வாளியில் தனியாக எடுத்து, கலவைத் தொட்டியில் போட்டு, சம அளவு தண்ணீர் ஊற்றிக் கையால் பிசைந்து கரைக்க வேண்டும். அந்தக் கரைசலில் மாடு மென்றுபோட்ட தட்டைத் துண்டுகளும் வைக்கோல் இழைகளும் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி எடுக்காவிட்டால் உள்ளே மேற்பரப்பில் ஏடுபோலப் படிந்து வாயு வருவதைத் தடுத்துவிடும். அடைப்பானைத் திறந்தவுடன் கரைசல் உள்ளே இறங்க, மறுபக்க வெளியேற்றுத் தொட்டியில் அதே அளவுக்குச் செரித்த கழிவு மேலேறி வழிகிறது. அதில் சாண நாற்றம் இருக்காது, ஈ மொய்க்காது. கலன் நன்றாக இருப்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. அடுப்பில் சுடர் நீலமாக எரிய வேண்டும். அது சட்டென்று துடித்து அணைந்தால் குழாயில் நீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். வளைவில் உள்ள சிறு திருகைத் திறந்து அந்த நீரை வடித்துவிட்டால் போதும். இந்த ஒரு திருகைப் பற்றி யாரும் சொல்லித்தராததால், "வாயு வரவில்லை" என்று கைவிடப்பட்ட கலன்களை எங்கள் வட்டாரத்திலேயே பார்த்திருக்கிறேன். சில தோட்டங்களில் அந்தக் குழியை மண் போட்டு மூடி, மேலே வாழை வைத்திருக்கிறார்கள்.

கலன்கள் கைவிடப்பட்டதற்கு அறியாமை மட்டுமே காரணமில்லை. மாடுகள் குறைந்தன, சாணம் கரைக்க ஆள் குறைந்தது. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் கிராமம்தோறும் சமையல் எரிவாயு சிலிண்டரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. புகையில் வெந்த பெண்களுக்கு அது பெரிய விடுதலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சிலிண்டரை மட்டும் வைத்துச் சாண எரிவாயுவை எடை போட்டால் கணக்கு எப்போதும் நட்டத்தில்தான் முடியும். ஒரு கன மீட்டர் சாண எரிவாயு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சிலிண்டர் வாயுவுக்குச் சமம். எங்கள் கலன் முழுதாக இயங்கினால் மாதம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் சிலிண்டர் மிச்சம். அதற்காக மட்டும் நாள்தோறும் 50 கிலோ சாணத்தைக் கரைக்க இன்றைய தலைமுறை முன்வராது.

உண்மையான வரவு மறுபக்கத் தொட்டியில் வழியும் கழிவில் இருக்கிறது. சாணத்திலிருந்த தழைச்சத்து வாயுவோடு போய்விடுவதில்லை. செரித்த கழிவில் அது பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் நிலையில் மிகுதியாக இருக்கிறது. அப்படியே நீரோடு பாய்ச்சினால் மஞ்சளிலும் தீவனப்புல்லிலும் ஒரு வாரத்தில் நிறம் தெரியும். வெயிலில் காயவைத்தால் அதில் ஒரு பங்கு காற்றில் போய்விடும் என்பதால் வாய்க்கால் நீரில் கலந்துவிடுவதே நல்லது. வீட்டுத் தேவைக்கு மேல் மிஞ்சுவதை விற்க வழி உண்டா என்றால், நம் பக்கம் இல்லை. குஜராத்தில் ஆனந்த் மாவட்டத்தில் இருக்கிறது. தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் அங்கே முஜ்குவா, ஜக்காரியாபுரா ஆகிய ஊர்களில் வீட்டுக்கு வீடு சிறு கலன்களை வைத்து, பெண்கள் கூட்டுறவு முறையில் அந்தக் கழிவுக் கரைசலைச் சேகரித்து, தரத்தைச் சோதித்து அதற்கேற்ப விலை கொடுக்கும் முறையை உருவாக்கியது. வாங்கிய கரைசல் இயற்கை உரமாக மாற்றப்பட்டு, 'சுதன்' என்ற வணிகப் பெயரில் விற்கப்படுகிறது. பால் ஊற்றும் பெண்ணுக்கே சாணத்துக்கும் பணம் வருகிறது. பணம் வரும் வரை அந்தக் கலனை யாரும் மண் போட்டு மூடப் போவதில்லை.

சத்தீஸ்கரில் 2020 ஜூலையில் தொடங்கிய கோதன் நியாய் திட்டம் சாணத்தைக் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரசே வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆட்சி மாறியபின் அது ஓரங்கட்டப்பட்டது. அரசு ஒன்றே வாங்குபவராக இருந்தால் அடுத்த தேர்தலோடு சந்தை முடிந்துவிடும் என்பதை அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். கூட்டுறவு அமைப்புக்கு அந்த ஆபத்து குறைவு.

2023 ஜூனில் ஒன்றிய அரசு செரித்த இயற்கை உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை மேம்பாட்டு உதவியை அறிவித்து, 1,451 கோடி ரூபாய்க்குமேல் ஒதுக்கியது. எனக்குத் தெரிந்து இந்தத் துறையின் மிகச் சிறந்த முடிவு அது, ஏனென்றால் தொட்டி கட்டியதற்காக இல்லாமல் விற்ற உரத்துக்குப் பணம் தரப்படுகிறது. குறை என்னவென்றால், அது, சாணத்தையும் பிற கழிவுகளையும் வாயுவாகவும் உரமாகவும் மாற்றுவதற்கான கோபர்தன் திட்டத்தின்கீழ் பதிவுபெற்று, உரக் கட்டுப்பாட்டு ஆணையின் தர அளவுக்கு உட்பட்ட ஆலைகளுக்கு உரியது. ஐந்து மாடு வைத்திருப்பவர் தன் தொட்டிக் கழிவை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சான்று வாங்கி, மூட்டை கட்டி விற்பது நடக்கக்கூடியதல்ல. ஊர்ப்புறத் தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் கோபர்தனுக்கு மாவட்டத்துக்கு 50 லட்ச ரூபாய் வரை தரப்படுகிறது. அந்தப் பணத்தில் ஒரு பொதுக் கலனைக் கட்டித் திறப்புவிழா நடத்துவதைவிட, வீட்டுக் கலன்களின் கழிவைத் திரட்டிப் பதப்படுத்தும் ஒரு நிலையத்தை அமைத்தால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அந்த 1,500 ரூபாயில் பங்கு பெறும்.

பெரிய ஆலைகளின் கதை வேறு. வாகனங்களுக்கான அழுத்தப்பட்ட உயிரி வாயுவுக்காக 2018 அக்டோபர் 1 அன்று சதத் திட்டம் தொடங்கியபோது, 2023-24-க்குள் 5,000 ஆலைகள் என்பது இலக்கு. அதில் மிகச் சிறு பங்கே நிறைவேறியது. எண்ணெய் நிறுவனங்கள் கிலோவுக்கு 46 ரூபாய் தருவதாகச் சொன்ன தொடக்க விலையில் வங்கிகள் நம்பிக்கை வைக்கவில்லை. வாயுவை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் அப்போது இல்லை. 2023 நவம்பரில்தான், வாகனங்களுக்கும் வீடுகளுக்கும் விற்கும் இயற்கை எரிவாயுவில் உயிரி வாயுவைக் கலக்க வேண்டும் என்ற கட்டாய விதி அறிவிக்கப்பட்டது: 2025-26-இல் 1 சதவீதம், படிப்படியாக ஏறி 2028-29-இல் 5 சதவீதம். மானியத்தைப் பார்த்தால், நாளொன்றுக்கு 4,800 கிலோ வாயு தரும் புதிய ஆலைக்கு 4 கோடி ரூபாய், உச்ச அளவு 10 கோடி. அந்த மானியத்தில் ஒரு பாதி, ஆலை ஓடி, உரிய உற்பத்தியைக் காட்டிய பிறகே வந்து சேரும். பெரிய முதலாளிக்கு அரசு வகுத்த இந்த விதி, உற்பத்தியைக் கணக்கில் கொள்கிறது என்ற அளவில் சரியானது. அதே அறிவைச் சிறு கலனுக்கும் பம்ப்செட்டுக்கும் ஏன் பயன்படுத்தக் கூடாது? மானியத்தின் ஒரு சிறு பகுதியைத் தள்ளிவைத்து, மூன்றாம் ஆண்டு முடிவில் கருவி ஓடிக்கொண்டிருந்தால் பயனாளிக்கும் நிறுவிய நிறுவனத்துக்கும் பிரித்துக் கொடுத்தால், சேவை எண்ணை எடுக்க ஆள் இருப்பார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு மூலப்பொருளுக்குக் குறைவில்லை. நாமக்கல்லின் கோழிப்பண்ணை எச்சத்திலிருந்து வாயு எடுக்கும் ஆலை புதுச்சத்திரத்தில் இயங்குகிறது. சேலம், ஆத்தூர், ராசிபுரம் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கழிவுநீரிலிருந்து வாயு எடுத்துத் தங்கள் இயந்திரங்களை ஓட்டி வருகின்றன. முன்பெல்லாம் அந்தக் கழிவுநீர் தேங்கிய ஓடைப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் போக முடியாது. பஞ்சாபில் சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகாவில் 2022 அக்டோபரில் திறக்கப்பட்ட ஆலை வைக்கோலிலிருந்து நாளொன்றுக்கு 33 டன் வாயு எடுக்கும் திறன் கொண்டது. ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை எத்தனால் ஆலை, ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் வைக்கோலிலிருந்து மூன்று கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் அளவில் கட்டப்பட்டது. இத்தகைய ஆலைகளுக்காகவே 2019-இல் 1,969 கோடி ரூபாயில் பி.எம். ஜீவன் திட்டம் வந்தது. எரிக்கப்பட்டுக் காற்றைக் கெடுத்த வைக்கோலுக்கு ஒரு விலை வந்தது நல்லதே. ஆனால் வயலில் கிடக்கும் வைக்கோலைக் கட்டி, ஏற்றி, அடுக்கிவைக்கும் செலவு எவ்வளவு என்பது கட்டு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தவருக்குத்தான் தெரியும். அந்த இயந்திரங்களுக்கான ஒன்றிய அரசின் 564 கோடி ரூபாய் உதவியும் ஆலை நடத்துவோருக்கே தரப்படுகிறது. வைக்கோலைத் திரட்டும் இளைஞர் குழுக்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் கையில் அந்த இயந்திரங்கள் இருந்தால், விலை பேசும் வலிமையும் அவர்கள் பக்கம் இருக்கும்.

விளைபொருளின் உபபொருளில் விவசாயிக்குப் பங்கு உண்டு என்ற கொள்கை நமக்குப் புதியதல்ல. கரும்பு விலை பற்றி ஆராய்ந்த ரங்கராஜன் குழு 2012-இல், சர்க்கரையோடு சக்கை, கழிவுப்பாகு, மில் கழிவு ஆகியவற்றிலிருந்து வரும் வருவாயையும் சேர்த்து அதில் 70 சதவீதம் விவசாயிக்குச் சேர வேண்டும் என்று பரிந்துரைத்தது. சக்கையில் மின்சாரமும் பாகில் எத்தனாலும் எடுக்கும் தொழிலுக்கு வட்டிச் சலுகையும் உறுதியான கொள்முதலும் தரும் அரசு, அந்த 70 சதவீதம் உண்மையில் எங்கள் கணக்குக்கு வருகிறதா என்பதையும் கண்காணிக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற பயோ ஈ3 கொள்கை, உயிரி நெகிழி, உயிரி வேதிப்பொருள் ஆகியவற்றை வளர்க்க முனைகிறது. அதன் கவனம் ஆய்வகங்களிலும் உற்பத்தி மையங்களிலும் குவிந்திருக்கிறது. மூலப்பொருளை விளைவிப்பவருக்கான விலை விதி அதில் எழுதப்பட்டால் மகிழ்ச்சியடைவேன்.

சிறிய அளவில் உயிரிப் பொருள் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இன்னும் நல்ல வழி. தென்னை நார்க்கழிவுக் கட்டி, வாழைநார்ப் பொருள், எரிகட்டி போன்ற உற்பத்திக்கு 50 லட்ச ரூபாய் வரையிலான திட்டத்துக்கு ஊர்ப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதமும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம் உண்டு. பொள்ளாச்சியிலும் காங்கேயத்திலும் நார்க்கழிவுத் தொழில் ஏற்றுமதியால் வளர்ந்தது என்பதை நினைவில் வைத்து, வாங்குபவரை முதலில் உறுதி செய்துகொண்டு பிறகு இயந்திரத்துக்கு விலை கேளுங்கள்.

என் கோரிக்கை ஒன்று நம் மாவட்டத்துக்கே உரியது. காலையும் மாலையும் ஊர்தோறும் பால் கூட்டுறவுச் சங்கத்தின் வண்டி வந்து போகிறது. சங்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கணக்கு இருக்கிறது, பாலின் கொழுப்பைச் சோதித்துத் தரத்துக்கேற்ப விலை போடும் பழக்கம் இருக்கிறது. இதே அமைப்பு வாரம் இருமுறை ஒரு டேங்கரை அனுப்பிக் கலன் கழிவையும் எடுத்துக்கொண்டால், ஆனந்தில் நடந்தது ஈரோட்டிலும் நடக்கும். கோபர்தனுக்கான 50 லட்சம், உரத்துக்கான டன்னுக்கு 1,500 ரூபாய், கலனுக்கான மானியம் ஆகிய மூன்றும் தனித்தனி அலுவலகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை ஒரே கோப்பில் சேர்த்து ஒரே ஒரு ஊராட்சி ஒன்றியத்தில் முயன்று பார்க்குமாறு, மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்க இருக்கிறோம். எங்கள் பக்கத்தில் கலன் வைத்திருப்பவர்கள், மூடிய கலனை மீண்டும் திறக்க விரும்புபவர்கள் யாராயினும் அதில் கையெழுத்திட வாருங்கள்.